சாயங்கால வயிறு

ஜூலை 14, திங்கள்

விடாத மழை. காலை இடுப்பு 33 அங்குலம். மாலை 37½.

இந்த நோட்டுக்கு இரண்டு முகம். முன்பக்கத்திலிருந்து எழுதுவது டாக்டரம்மாவுக்கு: தின்றது, அளவு, வலி. பின்பக்கத்திலிருந்து எழுதுவது எனக்கு. இது பின்பக்கம். யாராவது புரட்டினால் என் வாயில் விழ வேண்டியிருக்கும், சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா இங்கே பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். செம்பூர் கிளினிக்கில் வாரம் மூன்று நாள். ரத்தம், ஸ்கேன், மலம் எல்லாம் பார்த்தாயிற்று. பயப்படும்படி ஒன்றும் இல்லை. எடை குறையவில்லை, ரத்தம் போகவில்லை. குடல் கோளாறுதான், பேர் ஐ.பி.எஸ்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். குர்லாவில் லேத் பட்டறை வேலை, பேர் சாமுவேல், கிண்டலுக்குக் குறைவில்லை. "ஐ.பி.எஸ்-ஆ? இனிமே ஒனக்கு சல்யூட் அடிக்கணுமாட்டி?"

காற்றடைத்த வயிற்றோடு சிரித்துப் பார்த்தால் தெரியும் மனுஷருக்கு.

டாக்டரம்மா சொன்னதில் ஒன்று மட்டும் ரயிலில் வரும்போதும் மண்டையைவிட்டுப் போகவில்லை. "உங்க குடல்ல இருக்கற பாக்டீரியாவ எண்ணினா, உலகத்துல இருக்கற மொத்த ஜனங்களையும்விட ஜாஸ்தி. அதுல சிலது சண்டித்தனம் பண்றது. வெளியிலேர்ந்து நல்லதா கொஞ்சம் அனுப்பிப் பாக்கலாம். ப்ரோபயாடிக். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்கோ. நாலு வாரமாவது. நடுவுல மாத்தப்படாது."

உலக ஜனங்களையும்விட. எனக்குள். வி.டி. ஸ்டேஷன் கூட்டத்தைப் பார்த்தே மூச்சு முட்டுகிறவள் நான்.

ஜூலை 15, செவ்வாய்

காலை 33. மாலை 37.

மெடிக்கல் கடை. கடைக்காரர் சீட்டைக்கூடப் பார்க்கவில்லை, ஆறு டப்பாவைப் பரப்பிவிட்டார்.

1. காப்ஸ்யூல். உள்ளே ஒரே ஒரு வகை. மூன்று துண்டாய் நீளப் பேர், வாலில் எண்கள்.
2. காப்ஸ்யூல். பதினான்கு வகை. கல்யாண வீட்டுக் கூட்டம்.
3. பொட்டலம். ஆரஞ்சு வாசனை. பாக்டீரியாவும் உண்டு, அதற்குத் தீனியாக ஏதோ நாரும் உண்டு.
4. குட்டிப் பாட்டிலில் இனிப்புப் பால்.
5. கரடிப் படம் போட்டது. பிள்ளைகளுக்கு.
6. "ஆயிரம் கோடி" என்று பெரிய எழுத்து. செய்த அன்றைக்கு ஆயிரம் கோடியா, காலாவதி நாள்வரைக்கும் ஆயிரம் கோடியா? டப்பா வாயே திறக்கவில்லை.

ஐந்தாவதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். சும்மாதான்.

மூன்றாவதை வாங்கினேன். ஆளும் சாப்பாடும் ஒரே பொட்டலத்தில் என்றால் நான் விடுவேனா?

ஜூலை 16, புதன்

காலை 33½. மாலை 38.

இவர் பட்டறையிலிருந்து மைக்ரோமீட்டரும் பூதக்கண்ணாடியும் கொண்டுவந்தார். பூதக்கண்ணாடி டப்பா எழுத்துக்கு. மைக்ரோமீட்டர் எதற்கு என்றால், என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அதன் வாயில் வைத்துத் திருகினார். ஏழு கோடு வந்தது. பிறகு போனில் எதையோ தேடினார். 

"ஏட்டி ஜெபமணி, இதுல ஒரு கோடுங்கது பத்து மைக்ரான். அதுக்கு மேல நுணுக்கமா எனக்கு வேல வராது, பட்டறைல ஒருத்தனுக்கும் வராது. ஒன் பாக்டீரியாவ அந்த ஒரு கோட்டுக்குள்ள பத்துப் பேர வரிசையா நிறுத்தலாம் போலுக்கு."

"நெசமாவா?"

"தோளோட தோளு இடிச்சு நிப்பானுவ."

இருபது வருடமாக அந்தக் கருவியைப் பிடிக்கிறவர். பைபிளை வாசித்துவிட்டு மூடிவைப்பதுபோல் அதை உறையில் போட்டார். நான் பொட்டலத்தைத் தண்ணீரில் கொட்டிவிட்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். காய்ந்து தூங்கிக் கிடப்பவை ஈரம் பட்டால் விழிக்குமாம். கர்த்தரே, என்னென்ன வைத்திருக்கிறீர் இந்த உலகத்தில்.

ஜூலை 17, வியாழன்

காலை 33½. மாலை 38½. கூடிக்கொண்டேதான் போகிறது.

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதுகிறேன்.

ஆபீஸ் விட்டு வரும் ஆறு இருபது பன்வேல் வண்டி, பெண்கள் பெட்டி. வயிறு கல்போல். கையை மேலே வைத்தபடி கம்பியைப் பிடித்து நின்றேன். ஜன்னலோரம் இருந்த காலேஜ் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்தாள். "ஆப் பைட்டோ ஆன்ட்டி, ஆப் பைட்டோ." எதிரே ஒரு மராட்டிக்கார அம்மாள், எல்லோரும் சுனந்தா மௌஷி, அதாவது சித்தி, என்கிறார்கள், என் வயிற்றையும் முகத்தையும் பார்த்தாள். எத்தனை மாதம் என்று கேட்க வாயெடுத்தாள். பிறகு தானே உதட்டில் விரல் வைத்துக்கொண்டாள். கண்பட்டுவிடும், சொல்லாதே என்று அர்த்தம்.

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். மூன்று மொழியில் சொல்லத் தெரியும் எனக்கு.

சொல்லவில்லை. சிரித்தேன். உட்கார்ந்தேன்.

கல்யாணமாகிப் பதினாலு வருடம். பிள்ளைக்கென்று எடுத்த மருந்து மாத்திரை எல்லாம் விட்டு நாலு வருடம். "விசேஷம் ஏதும் உண்டா" என்று கேட்பதைக்கூட ஊர் நிறுத்திவிட்டது. இன்றைக்கு ஒருத்தி கேட்காமலேயே என் தலைமேல் கைவைத்துவிட்டு இறங்கிப்போனாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நன்றாக இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

காலை 34. மாலை 39.

டாக்டரம்மா பொட்டலத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார். "நான் ஒண்ணுன்னேன், நீங்க கட்டுசாதத்தோட கூட்டிண்டு வந்திருக்கேளே!" அந்த நார் இருக்கிறதே, அதைக் குடலில் ஏற்கெனவே இருப்பவை தின்று புளிக்கவைக்கும், காற்றாக விடும். சிலருக்கு ஒன்றும் செய்யாது. என்னைப்போன்ற வயிற்றுக்காரர்களுக்கு ஊதிப்போகும்.

இனி என்ன பார்த்து வாங்குவது:
– வகையின் முழுப் பேரும் இருக்கணும், வால் எண் உட்பட. ஒரே குடும்பத்தில் அண்ணன் உதவுவான், தம்பி சும்மா இருப்பான்.
– எண்ணிக்கை காலாவதி நாள்வரைக்குமானதா?
– கூடவே நார், இனிப்பு ஏதும் கூடாது.
– எங்கே வைக்கணும்? டப்பா சொல்கிறபடி.
– பதினான்கு வகை என்றால் பதினான்கு மடங்கு நல்லது என்று அர்த்தமில்லை.

"நாலு வாரத்துல ஒண்ணும் தெரியலேன்னா விட்டுடலாம். இதுல சத்தியம் பண்ண என்னால முடியாது."

சத்தியம் பண்ணாத டாக்டரை முதல்தடவை பார்க்கிறேன். முதலாவது டப்பா. ஒற்றை ஆள். நாளைமுதல்.

ரயிலில் ஜன்னலோரம் இப்போது எனக்கென்றே இருக்கிறது. மௌஷி தன் டப்பாவிலிருந்து ரவா லட்டு எடுத்து வாயிலேயே வைத்துவிட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

காலை 33½. மாலை 37½.

சீத்தா கேம்ப்பில் குடியிருக்கிற செல்வியும் அந்த ரயில் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். தமிழ்ப்பெண், நகைக்கடையில் பில் போடுகிறாள். வாய் ஓயாது. "அக்கா, டாக்டர் கால்சியம் குடுத்தாங்களா? எங்க அண்ணி நாலாம் மாசத்துலேந்தே சாப்ட்டா. டென்ஷன் மத் லோ, ஆராம்ஸே." கவலையே படாமல் நிதானமாக இருக்க வேண்டுமாம்.

காலை வண்டியில் வேறு கூட்டம். காலையில் எனக்கு வயிறே கிடையாது. காலை ஜெபமணியும் சாயங்கால ஜெபமணியும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சொல்லவில்லை. மழை, வண்டி லேட், எல்லோரும் களைப்பு. என்று எழுதிக்கொள்கிறேன், என்னவோ அதுதான் காரணம் என்பதுபோல்.

ஆகஸ்ட் 6, புதன்

காலை 32½. மாலை 35½!

டேப் நழுவிவிட்டதோ என்று மூன்று தடவை எடுத்தேன். மதியம் சாப்பிட்டபின் அந்தக் குடுகுடு சத்தம் இல்லை. பாவாடை நாடாவை அவிழ்க்காமல் ஒரு நாள் முழுக்க நாற்காலியில் இருந்தேன். எத்தனை வருடமாயிற்று!

காப்ஸ்யூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பருப்பு கனம்கூட இல்லை. இதற்குள் கோடிக்கணக்கில் உயிர். பேர் தெரியாது, முகம் தெரியாது, கூலி கேட்காது. இருட்டில் இறங்கி என் குடலில் எனக்காக என்னமோ செய்கிறது. அங்கேயே குடியிருக்கவும் செய்யாதாம். பெரும்பாலும் வந்து, வேலை பார்த்து, வெளியேறிவிடும். நிறுத்தினால் வரவும் நின்றுவிடும்.

முழங்காலில் நிற்க வேண்டும்போல் வந்துவிட்டது. அடுக்களையில், குக்கர் விசிலுக்கு நடுவே. நின்றேன்.

இவர் எட்டிப் பார்த்தார். "என்னட்டி, மாத்திரைக்கா ஜெபம் பண்ணுத?"

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலை 35.

மௌஷி என் வயிற்றைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "பச்சா டீக் ஹை நா?" குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார்? ஸ்கேன் எப்போது? அவள் மருமகளுக்கு ஏழாம் மாதம் இப்படித்தான் வயிறு வளராமல் போனதாம். அதற்குமேல் சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் பயந்துவிட்டாள். என்னால். இல்லாத ஒன்றுக்காக.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "டீக் ஹை" என்றேன். சண்டாளி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாலை 38.

முன்பக்கத்தில் "தெரியவில்லை, ஏன் என்று" என்று எழுதியிருக்கிறேன். பொய். நேற்றும் இன்றும் காப்ஸ்யூல் போடவில்லை. அது மட்டுமா? ஆபீஸ் கேன்டீனில் வேண்டுமென்றே சோளே வாங்கி, பச்சை வெங்காயத்தோடு தின்றேன். ஒரு தட்டு முடித்து இன்னொரு தட்டு. கொண்டைக்கடலையும் வெங்காயமும் என்னை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா?

ஆறு இருபது வண்டியில் ஊசி ஊசியாய்க் குத்தியது. மௌஷி பார்த்து நிம்மதியாய்ச் சிரித்தாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மருந்தை நிறுத்தி வியாதியைக் கூப்பிட்டு உட்காரவைத்த ஒரே பொம்பளை பம்பாயில் நானாகத்தான் இருப்பேன். அடி பைத்தியக்காரி.

ஆகஸ்ட் 13, புதன்

காப்ஸ்யூல் போட்டேன். அவற்றிடம் மன்னிப்புக் கேட்டேன். யாரும் சிரிக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை 33. மாலை எடுக்கவில்லை.

கோயில் ஆராதனை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது, இவர் எடுத்தார். செல்வி. எனக்கு வளையல் என்ன அளவு என்று கேட்டிருக்கிறாள். இவருக்குத்தான் அளவு என்றால் தனி மரியாதையாயிற்றே, நான் கழற்றி வைத்திருந்த வளையலை அளந்து கணக்காகச் சொல்லியிருக்கிறார். எதற்கம்மா என்று கேட்டிருக்கிறார்.

அவள் சொல்லிவிட்டாள். கணபதி பண்டிகை வருவதற்குள், வெள்ளிக்கிழமை, ரயிலிலேயே எனக்கு வளைகாப்பு. பச்சை வளையல், பூ, ஐந்து வகைச் சோறு, வடாலாவில் ஆரம்பித்து மான்கூர்டுக்குள் முடிக்கிறார்களாம். "அண்ணே, கங்கிராஜுலேஷன்ஸ்! அக்காட்ட சொல்லிராதீங்க, சர்ப்ரைஸ்!"

இவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். போனை மேடையில் வைத்தார். மீனைக் கீழே போட்டுவிட்டு, ஜூலை 17-லிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சோளே உட்பட.

திட்டுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த என் வளையலைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்போ ஒரு மாசமா நான் அப்பாவா இருந்திருக்கேன். எனக்கே தெரியாம."

அதற்கப்புறம் நாங்கள் இரண்டுபேரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். நாலு வருடமாக அழாதது. மீன் பூனைக்குப் போயிற்று.

பிறகு முகம் கழுவிவிட்டு வந்து சொன்னார். "வயித்த நீ ஊதவைக்காண்டாம்ட்டி. அந்தப் பொம்பளைங்க ஒனக்காகப் பயந்துக்கிட்டு இருக்காவ. போய்ச் சொல்லிரு. நான் வேணா கூட வாரேன்."

"லேடீஸ் பெட்டில ஒங்கள உதைப்பாங்க."

"ஒதைக்கட்டும்."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை 32½. மாலை 35.

டாக்டரம்மா. நாலு வாரம் ஆயிற்று. முன்பக்கத்தைப் புரட்டினார். 11, 12 தேதிகளில் விரலை வைத்தார். சொல்லிவிட்டேன், அவரிடமும். சொல்லிச் சொல்லிப் பழக வேண்டுமே.

சிரிக்கவில்லை அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்திரையால குறைஞ்சுதா, தானாவே குறைஞ்சுதா, நிச்சயமாச் சொல்ல முடியாது. இந்த வியாதி ஏறும் இறங்கும். கேக்கறமாதிரி இருக்கு, இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாம். ஆனா மனசுல இவ்ளோ வெச்சுண்டு இருந்தா குடலுக்கும் தெரியும் ஜெபமணி. ரெண்டும் ஓயாம பேசிண்டேதான் இருக்கும்."

மூளையும் குடலும் பேசிக்கொள்கின்றனவாம். நரம்பு வழியாக, நாளெல்லாம். என்னைப்பற்றித்தான் பேசுகின்றன, எனக்கே தெரியாமல். கிளினிக் படியில் வெகுநேரம் நின்றிருந்தேன், மழைகூடத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வாய்வரை வந்தது. செல்வி யாரிடமோ பூவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வரவில்லை.

நாளைதான் கடைசி. நாளையும் சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வளையலைப் போட்டுவிடுவார்கள். போட்டபிறகு கழற்ற எனக்குத் தைரியம் வராது.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாலை 34½.

சொல்லிவிட்டேன்.

டாக்யார்ட் ரோடு ஸ்டேஷன் தாண்டியதும் ஜன்னலோரத்திலிருந்து எழுந்தேன். நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன். இந்தியில் சொன்னேன். குழந்தை இல்லை. எப்போதும் இல்லை. இது காற்று, வியாதி, கொண்டைக்கடலை தின்றாலே ஊதிவிடும். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஆசையாக இருந்தது, அதனால் சொல்லவில்லை. மாஃப் கர்னா, மன்னித்துவிடுங்கள்.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி "ஸீட் கே லியே?" என்றாள். இடத்துக்காகவா?  இடத்துக்காகவும்தான்.

காலேஜ் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி அழுதாள். "அக்கா, நான் எங்க சர்ச்ல ஒங்களுக்காக டெய்லி ப்ரேயர் வச்சேன்க்கா." அதைக் கேட்டதும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

 மௌஷியின் மடியில் ஒரு பை. பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கினாள். உள்ளே பச்சையாய் ஏதோ காகிதச் சுருள். செம்பூர்வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள். ஜன்னலோரம் வடாலாவரை காலியாகவே கிடந்தது. அந்தக் கூட்டத்தில், அந்த வண்டியில், ஒரு இடம் காலியாக! யாரும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் "சொல்லிட்டேன்" என்றேன். "என்ன சொன்னாவ?" "ஸீட்டுக்காகவான்னு ஒருத்தி கேட்டா." தோசை சுட்டுக் கொடுத்தார். கருகியது. தின்றேன்.

நாளைமுதல் ஆறு முப்பத்தாறு வண்டி. அல்லது முன் பெட்டி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேலை முடிந்து வி.டி.யில் முன் பெட்டிக்கென்றுதான் நடந்தேன். வண்டி நகரத் தொடங்கிவிட்டது. தெரிந்த கை ஒன்று கதவோரத்திலிருந்து இழுத்தது. செல்வி. ஏறியபின் பார்த்தால் அதே பெட்டி.

ஜன்னலோரத்தில் வேறொரு பெண், நிஜமாகவே நிறைமாதம். பார்த்ததும் தெரிந்தது, என்னுடையது அப்படி ஒன்றும் இருந்ததில்லை. மௌஷி அவளுக்குப் பக்கத்தில். நான் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மஸ்ஜித் ஸ்டேஷன் போயிற்று. ஸேன்ட்ஹர்ஸ்ட் ரோடு போயிற்று. 

காட்டன் கிரீனில் மௌஷியின் குரல். என்னைப் பார்த்து அல்ல, தனக்கு மறுபக்கம் இருந்தவளின் தொடையில் ஒரு தட்டுத் தட்டி: "ஏ, சரக் நா ஸரா." கொஞ்சம் நகரேன்.

மூன்றுபேர் உட்காரும் பெஞ்சு அது. மூன்றுபேரும் இடுப்பை ஒடுக்கினால் ஓரத்தில் நாலு விரல் பலகை கிடைக்கும். நாலாவது இடம். அதைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கமாட்டார்கள், வயதானவர்களுக்குக் கொடுக்கமாட்டார்கள், தெரியாதவர்களுக்குக் கொடுக்கவேமாட்டார்கள். பாதி உடம்பு வெளியே தொங்கும், இறங்குகிறவர்கள் எல்லாம் முட்டியில் இடிப்பார்கள். கூட்டத்தில் ஒருத்தி என்றால் மட்டும்தான் அது கிடைக்கும். பதினோரு வருடம் இந்த லைனில் போய்வந்திருக்கிறேன், என்னை ஒருத்தியும் அங்கே கூப்பிட்டதில்லை.

நான் நகரவில்லை. என்னைத்தான் சொல்கிறாளா என்று தெரியவில்லை.

மௌஷி திரும்பினாள். முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. "பைட் நா, ஜெபா. கித்னா மனானே கா தேரேகோ?" உட்காரேன், உன்னை எவ்வளவுதான் தாஜா பண்ணுவது?

உட்கார்ந்தேன். பாதிதான் உட்கார முடிந்தது. அவள் ஒரு டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் சோறு வைத்தாள். என் கையில் வைக்கும்போது மட்டும் ஒரு கணம் நிறுத்தி, அதிலிருந்த கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.